சாவி வேண்டாத பெட்டி

"சார், நீங்க யாரப் பார்க்கணும்?"

அன்று காலையும் டெய்லரம்மா தன் கணவரைப் பார்த்து இப்படித்தான் கேட்டாள். கேள்வியில் மரியாதை இருந்தது. முன்பின் தெரியாதவர்களிடம் காட்டுகிற மரியாதை.

"யாரையும் இல்லம்மா. இந்தப் பக்கமா வந்தேன். ஒரு வாய் டீ கெடைக்குமான்னு பார்த்தேன்."

"உட்காருங்க. இதோ போடறேன்."

"நான் உன் புருஷன்" என்று அவர் சொல்லிப் பார்த்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில் அவள் மிரண்டுபோய்ச் சுவரோரம் ஒதுங்கினாள். டீக்கு வந்த ஆள் என்றால் பயப்படுவதில்லை. எழுந்து அடுப்பங்கரை வரை போவாள். போன இடத்தில் எதற்கு வந்தோம் என்று மறந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவரே பின்னால் போய் டீ போட்டு, அவள் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்து, தானும் ஒன்று குடித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா உங்க டீ" என்பார். அவளுக்கு முகம் மலர்ந்துவிடும்.

இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் நடந்து வருகிறவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவர் அச்சு வடிவமைப்பவர். பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற இரும்பு அச்சுகளை வரைந்து கொடுப்பது வேலை. சட்டைப்பையில் பேனா இல்லாமல் வருவார், ஸ்கேல் இல்லாமல் வரமாட்டார். ஒருமுறை தொழிற்சாலையில் யாரோ "காய்ச்சல் அடிக்குது சார்" என்று சொன்னபோது கை தன்னையறியாமல் ஸ்கேலைத் தேடியதாம். அன்றிலிருந்து ஸ்கேல் சார். அவர் மனைவி அந்தத் தெரு முழுவதற்கும் தைத்துக் கொடுத்தவள். இரண்டு வருஷமாக அவளுக்கு ஒவ்வொன்றாக மறந்துகொண்டே வருகிறது. கடைசியாக மறந்தது கணவரை.

வெளியூரில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மகள் போன வாரம் போனில் ஒரு விஷயம் சொன்னாள். ஞாபகம் போனவர்களுக்கென்றே ஒரு இல்லம் இருக்கிறது, அங்கே அம்மாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது என்றாள். ஸ்கேல் சார் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். "அப்ப நான் நேர்லயே வர்றேன்" என்று மறுபடி கூப்பிட்டுச் சொன்னாள். அவள் வரும் நாள் இதுதான்.

அவருக்கு அன்று இன்னொரு தலைபோகிற வேலையும் இருந்தது.

அவருடைய மைத்துனர், அதாவது டெய்லரம்மாவின் தம்பி, எலி மருந்து தயாரிக்கிறவர். ஒரு வருஷமாக ஸ்கேல் சார் அவருக்காக ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார். பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது. கறுப்புப் பெட்டி, பக்கவாட்டில் எலி நுழைகிற அளவுக்கு ஓட்டை. மருந்துக் கட்டி உள்ளே ஒரு கம்பியில் கோத்திருக்கும். எலி வளைந்து போய்த் தின்னும். குழந்தையின் கையோ நாயின் மூக்கோ அந்த வளைவைத் தாண்டாது. இதற்கு முன் வந்த பெட்டிகளையெல்லாம் சாவி போட்டுத்தான் திறக்கவேண்டும். மருந்து வைக்கப் போகிறவர்கள் சாவியைத் தொலைத்துவிட்டு, மூடியைச் சும்மா சாத்திவிட்டு வந்துவிடுவார்கள். அதனால் சாவியே வேண்டாத ஒரு பூட்டை யோசித்தார் ஸ்கேல் சார். மூடியின் இரண்டு ஓரத்திலும் இரண்டு கட்டைவிரலை ஒரே நேரத்தில் அழுத்தி மேலே தூக்கினால்தான் திறக்கும். குழந்தையின் கை அத்தனை அகலம் விரியாது. நாய்க்குக் கட்டைவிரலே கிடையாது.

மழலையர் பள்ளி ஒன்றில் காலிப் பெட்டியைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் அதன்மேல் தாளம் போட்டார்கள், ஏறி உட்கார்ந்தார்கள், திறக்கவில்லை என்று அழுதார்கள். மகளின் ஆஸ்பத்திரியில் நாய்களிடம் போட்டார்கள். ஒரு கிழட்டு நாய் மட்டும் அதைத் தன் படுக்கைக்கு இழுத்துப்போய்த் தலைக்கு வைத்துத் தூங்கியது. எல்லாம் தேறிவிட்டது. போதாததற்கு மருந்துக் கட்டியிலேயே ஒரு கசப்பும் கலந்தார்கள். எலிக்கு அது தெரியாது. மனிதன் நாக்கு நுனியில் பட்டாலே துப்பிவிடுவான்.

அன்று சாயங்காலம் பெட்டியின் அச்சு சூளைக்குப் போகவேண்டும். சூட்டில் வைத்து எடுத்த பிறகு இரும்பு கல்லாகிவிடும். அதற்குப் பிறகு ஒரு மயிரிழைகூட மாற்ற முடியாது. அதனால் "கடைசியா ஒருதடவ பார்த்துட்டேன், போகட்டும்" என்று ஸ்கேல் சார் வாயால் சொல்லவேண்டும்.

பகலில் துணைக்கு வருகிற பெண் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மனைவியைத் தனியே விட்டுத் தொழிற்சாலைக்குப் போக முடியாது. "நானே வீட்டுக்கு வர்றேன் அத்தான்" என்றார் மைத்துனர். மாதிரிப் பெட்டியை முதல்நாளே ஸ்கேல் சார் எடுத்து வந்திருந்தார். அதற்குள் சோதனைக் கட்டிகள் இருந்தன. மருந்து சேர்க்காத கோதுமையும் மெழுகும் கசப்பும்தான். நிறம் மட்டும் அசலைப் போலவே பச்சை. நிறம் மாறினால் சோதனைக்கே அர்த்தமில்லை.

அவள் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரிப்பாள், பிரித்ததை மடிப்பாள், ஒரு மணி நேரம் போகும். அந்தத் தைரியத்தில்தான் பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றார்.

மேஜையில் பெட்டி திறந்திருந்தது. உடைக்கவில்லை, நெம்பவில்லை. மூடியை எடுத்துப் பக்கத்தில் ஒழுங்காகக் கவிழ்த்து வைத்திருந்தது. கம்பியிலிருந்து ஒரு கட்டியைக் காணோம். நாற்காலியில் உட்கார்ந்து, டெய்லரம்மா துண்டால் நாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலடியில் பாதிக் கட்டி கிடந்தது. அதில் பல் பதிந்திருந்தது.

"யாரு செஞ்சது இது?" என்றாள் அருவருப்போடு. "கை தவறி எதையோ கொட்டிட்டாங்க. ஒரு பிடி சர்க்கரையாச்சும் போட்டிருக்கலாம்."

அவர் துண்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். சோதனைக் கட்டி என்று தெரியும். அவர் கையாலேயே எடுத்து வந்தது. ஆனால் அந்த நிமிஷத்தில் தெரிந்தது எதுவும் தெரிந்ததாக நிற்கவில்லை. தொழிற்சாலையில் எடுத்தது அதே அலமாரிதானா? அதே தட்டுதானா? பச்சைக்கும் பச்சைக்கும் என்ன வித்தியாசம்? அவளைப் பிடித்து இழுத்துப்போய் வாயைக் கொப்பளிக்க வைத்தார். "என்ன சார், கையப் பிடிக்கறீங்க" என்று அவள் கோபித்துக்கொண்டாள். ஈரக் கையோடு மைத்துனரின் தொழிற்சாலைக்குப் போன் போட்டார்.

கலவை அறையில் வேலை பார்க்கும் பெண் எடுத்தாள்.

"நேத்து நான் எடுத்துட்டு வந்த கட்டி… அது சோதனைக் கட்டிதானே?"

"ஆமா சார்."

"நிச்சயமா?"

"அடியில ஒரு குழி இருக்கும் பாருங்க சார். அசல்ல குழி இருக்காது. ஏன் சார், என்னாச்சு?"

குனிந்து பாதிக் கட்டியைத் திருப்பினார். அடியில் சின்னதாக ஒரு குழி. போன உயிர் திரும்பி வந்தது. "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லி வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் மேலேயிருந்து அவரைப் பார்த்தாள்.

"மேல உட்காருங்க சார். தரை சில்லுனு இருக்கு."

சற்று ஆறியதும்தான் அடுத்த கேள்வி அவருக்குள் முளைத்தது. எப்படித் திறந்தாள்?

மூடியைப் பூட்டி அவள் முன்னால் வைத்தார். "எப்படிம்மா தொறந்தீங்க?"

"எத?"

"இந்தப் பெட்டிய."

"நான் எதுக்கு உங்க பெட்டியத் தொடப்போறேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். அவள் கண் ஜன்னலில் இருந்தது. கை தானாகப் பெட்டியை நோக்கி வந்தது. முதலில் மூடியைத் தடவி, சுருக்கம் நீவுவதுபோல நீவியது. பிறகு இரண்டு உள்ளங்கையும் இரண்டு ஓரத்துக்கும் விரிந்தன. மெஷின் ஊசிக்கு அடியில் துணியை இழுத்துப் பிடிக்க இத்தனை வருஷம் விரித்த கைகள். கட்டைவிரல்கள் இரண்டும் ஒரே நேரத்தில் அழுந்தின. மூடி மேலே வந்துவிட்டது. அவள் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வரைந்த பூட்டு அது. குழந்தையின் கையை அளந்திருந்தார், நாயின் வாயை அளந்திருந்தார். பெரியவர்களின் கையை அளந்ததும் உண்டு, அவர்களால் திறக்க முடியவேண்டுமே என்பதற்காக. கை பெரிதானால் புத்தியும் கூடவே இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அதையே நினைத்துக்கொண்டிருந்தவர் கொஞ்சம் அசந்துவிட்டார். அதற்குள் அவள் இன்னொரு கட்டியை எடுத்து வாயருகே கொண்டுபோய்விட்டாள். பாய்ந்து கையைப் பிடித்தார்.

"இப்பத்தானேம்மா கசக்குதுன்னு துப்பினீங்க."

"நானா? இத நான் சாப்பிட்டதே இல்லையே."

மகள் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தோள்பையை இறக்காமலே அம்மாவைக் கட்டிக்கொண்டாள். டெய்லரம்மா மறுக்கவில்லை. மகளின் சட்டைத் தையலைத் திருப்பிப் பார்த்து, "யாருகிட்டக் குடுத்த? கழுத்து சரியா உட்காரல பாரு" என்றாள்.

"ஆமாம்மா. உன்கிட்டதான் குடுத்திருக்கணும்."

மகள் தண்ணீர் குடிக்க அடுப்பங்கரைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது. "அப்பா, இந்த அலமாரிய எப்படித் தொறக்கறது?"

ஸ்கேல் சார் போய்த் திறந்து காட்டினார். மேல்பக்கம் ஒரு கொக்கி, கீழே ஒரு தாழ். அடுப்புக்கு ஒரு மூடி, அதற்கு ஒரு திருகு. கத்தி வைக்கும் இழுப்பறைக்குத் தனிப் பூட்டு. மருந்து அலமாரிக்கு, கொல்லைக் கதவுக்கு, குளியலறை வெந்நீர்க் குழாய்க்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று, எல்லாம் அவர் கைவேலை. மகள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இதெல்லாம் எப்பப்பா செஞ்சீங்க?"

"அப்பப்ப. ராத்திரில தூக்கம் வராதப்ப."

"யார்கிட்டயாச்சும் பேசறீங்களா? பக்கத்து வீட்ல, ஆபீஸ்ல?"

"அம்மாகிட்டப் பேசறேனே. தெனம் டீக்கு வர்றேன்."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னதால் மகளும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள்.

காலையில் நடந்ததை அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"அப்பா, துப்பிட்டாங்க சரி. ஆனா மறுபடி எடுத்தாங்கன்னு சொல்றீங்களே, அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"அதான் கசக்குதே. ஒவ்வொரு தடவையும் துப்பிடுவா."

"அசலா இருந்தா ஒவ்வொரு தடவையும் துளி உள்ள போகும். எங்ககிட்ட வர்ற நாய்ங்க ஒரேயடியா முழுங்கிட்டு வரும், உடனே தெரிஞ்சிடும், ஊசி போட்டுக் காப்பாத்திடுவோம். கொஞ்சங் கொஞ்சமா தின்ன நாயத்தான் காப்பாத்த முடியாது. அந்த மருந்து ரத்தத்த உறைய விடாம பண்றது. இன்னிக்குத் துளி, நாளைக்குத் துளின்னு உள்ளேயே சேரும். வெளியில ஒண்ணுமே தெரியாது. தெரியறப்ப நேரம் தாண்டியிருக்கும்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "கசப்பு தடுக்கணும்னா, கசந்தது ஞாபகம் இருக்கணும்பா."

ஸ்கேல் சார் பெட்டியை எடுத்து மூடியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "பூட்ட மாத்தணும்" என்றார்.

"பூட்ட மாத்துங்க. வேணாங்கல. இப்ப அம்மாவப் பத்திப் பேசலாமா?"

"அம்மாவப் பத்தித்தான் பேசிட்டிருக்கேன்."

"இல்லப்பா. நீங்க பெட்டியப் பத்திப் பேசறீங்க." அவள் குரல் உயரவில்லை. "அந்த இல்லத்த ஒருதடவ வந்து பாருங்கன்னுதான் கேக்கறேன். பாத்துட்டு வேணாம்னா வேணாம். தோட்டம் இருக்கு, வெளிச்சமா இருக்கு. ராத்திரி பகல் எப்பவும் ஆள் இருக்கு. நீங்களும் எப்ப வேணா போய்ப் பாக்கலாம்."

"போய்ப் பாக்கறதா? யாரு வந்திருக்கீங்கன்னு கேப்பா."

"இப்பவும் அதத்தானேப்பா கேக்கறாங்க."

சொன்ன பிறகு சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும். கை நீட்டி அப்பாவின் முழங்கையைத் தொட்டாள். அவர் கையை எடுக்கவும் இல்லை, அவள் பக்கம் திரும்பவும் இல்லை. அந்த வீட்டில் இத்தனை பேர் இருந்து வெகு நாளாகியிருந்தது. அப்படியும் அவருக்கு யாருமே இல்லாதது போலத்தான் இருந்தது.

மைத்துனரின் கார் சத்தம் கேட்டதும் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மைத்துனர் அக்கா வீட்டுக்கு வந்து பல மாதமாகியிருந்தது. வேலை, வேலை என்று போனில் சொல்வார். உண்மை அதுவல்ல. அவருக்கு அம்மா முகம் ஞாபகமில்லை. சின்ன வயதிலேயே போய்விட்டாள். எடுத்து வளர்த்ததெல்லாம் அக்காதான். அந்த அக்கா தன்னைப் பார்த்து "யாரு?" என்று கேட்பதைத் தாங்க முடியாமல் வராமலே இருந்துவிட்டார். இப்போதும் கூடத்தில் அவள் இருந்த பக்கம் பார்க்காமல் நேரே மேஜைக்கு வந்தார்.

"என்ன அத்தான், அனுப்பிடலாமா? வண்டி ரெடியா நிக்குது."

"அனுப்ப வேணாம். அச்ச நிறுத்திடு மச்சான்."

ஸ்கேல் சார் விஷயத்தைச் சொன்னார். மைத்துனர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை அசைத்தார்.

"மூடி சரியா விழுந்திருக்காது அத்தான்."

"ரெண்டாவது தடவ நானே பூட்டி வெச்சேன்."

"சரி, தொறந்துட்டாங்கன்னே வெச்சுக்குவோம். உலகத்துல எத்தன வீட்ல இப்படி ஒரு ஆள் இருப்பாங்க? அப்படிப்பட்ட ஆள் இருக்கற எடத்துல எலி மருந்த யாரு கொண்டுபோய் வெப்பாங்க? நீங்க கொண்டுவந்ததே…" என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

"தப்புதான்," என்றார் ஸ்கேல் சார். "நான் கொண்டுவந்து வெச்சது தப்புதான். இன்னொருத்தன் அந்தத் தப்பப் பண்ணமாட்டான்னு எதை நம்பறது?"

"எல்லாத்தையும் யோசிச்சா ஒண்ணையுமே செய்ய முடியாது அத்தான். சாவி இல்லன்னுதான் வாங்கறவங்க ஒத்துக்கிட்டாங்க. இனிமே போய்ச் சாவி இருக்குன்னா சொல்ல முடியும்?"

இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். மைத்துனர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் வரை டெய்லரம்மா கூடத்தில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து பின்னால் நின்று, அவர் தோளில் சாணால் அளந்தாள்.

"இளைச்சுட்டீங்க. போன தடவ தெச்சது தொளதொளன்னு நிக்கும்," என்றாள். "தூரத்துலேருந்தா வர்றீங்க?"

மைத்துனர் அசையவில்லை. "ஆமாங்க," என்றார் மெல்ல. அக்காவிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை.

"பசியோட வந்திருப்பீங்க. இருங்க."

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஸ்கேல் சாரும் மகளும் தடுக்கவில்லை. உள்ளங்கைகள் ஓரங்களுக்கு விரிந்தன. மூடி வந்துவிட்டது. ஒரு கட்டியைக் கம்பியிலிருந்து உருவி, துண்டால் துடைத்து, பிட்டு, தம்பியின் வாய்க்கு நேரே நீட்டினாள். இன்னொரு கை தானாகப் போய் அவர் தாடைக்குக் கீழே ஏந்திக்கொண்டது. சின்னப் பிள்ளைக்கு ஊட்டும்போது சிந்தாமல் பிடிக்கிற மாதிரி.

"மாமா, அது வெறும் சோதனைக் கட்டிதான். ஆனா கசக்கும்," என்றாள் மகள்.

மைத்துனர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார். வாங்கிக்கொண்டார்.

இத்தனை வருஷம் அதை விற்றவர். அந்தக் கசப்பை வாங்கிக் கலக்கச் சொன்னவரும் அவர்தான். ஒருநாளும் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. முகம் கோணிப்போய்விட்டது. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அப்படியும் அவள் பார்த்துக்கொண்டிருந்த வரையில் துப்பவில்லை.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

அவள் திருப்தியாக மீதியைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். மூன்று பேரின் கைகளும் ஒரே நேரத்தில் பாய்ந்தன.

மைத்துனர் வாசல் குழாயில் வெகுநேரம் கொப்பளித்தார். திரும்பி வந்தபோது தொழிற்சாலைக்குப் போன் போட்டார். "வண்டிலேருந்து எறக்கிடுங்க. ஆமா, அச்சத்தான். காரணம் அப்புறம் சொல்றேன்."

வைத்தவர் உட்காரவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். மகள்தான் முதலில் கவனித்தாள்.

"என்ன மாமா?"

"அத்தான், மொத ஆர்டர் எங்கேருந்துன்னு உங்ககிட்ட நான் சொல்லல."

"ஆமா. கேட்டா அப்புறம் சொல்றேன்ன."

"சொன்னா நீங்க கோவப்படுவீங்கன்னுதான்." அவர் மகளைப் பார்த்தார். மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, அந்த இல்லமா?"

"அங்க எலித் தொல்லை. சாவியெல்லாம் தொலைஞ்சுபோகுதுன்னு அவங்கதான் சாவி இல்லாததாக் கேட்டாங்க. அப்படிப் பழக்கமானதாலதான் அக்காவுக்கு எடமே கேட்டு வாங்க முடிஞ்சுது."

ஸ்கேல் சார் மகளையும் பார்த்தார், மைத்துனரையும் பார்த்தார். இருவரும் கலந்து பேசியிருக்கிறார்கள். இடம் பார்த்து, கேட்டு, முடித்து வைத்திருக்கிறார்கள். அவருக்குத் தெரியாமல் அவர் வீட்டைப் பற்றி இவ்வளவு பேச்சு நடந்திருக்கிறது. வேறொரு நாளாக இருந்தால் அது அவரைச் சுட்டிருக்கும். இப்போது அதற்கு நேரமில்லை.

"பெட்டி எதாச்சும் அங்க போயிருக்கா?"

மைத்துனர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மச்சான். போயிருக்கா?"

"மாதிரிக்குக் கொஞ்சம். போன வாரம். தோட்டத்துல வெச்சாங்க."

"சோதனைக் கட்டியோடதானே?"

"எலி சாகுதான்னு பாக்கத்தானே வெக்கறது அத்தான்."

மகள் ஏற்கெனவே இல்லத்துக்குப் போன் போட்டிருந்தாள். எடுத்தவருக்குப் புரியவைக்கப் பாடாய்ப் பட்டாள். "பெட்டிங்க… கறுப்புப் பெட்டி… இல்ல, பார்சல் இல்ல… தோட்டத்துல இருக்கறது…" கடைசியில் போனைக் கீழே இறக்கினாள். "காலைல மேனேஜர் வருவாங்க, அவங்ககிட்டச் சொல்லுங்கன்னு வெச்சுட்டாங்க. சாயங்காலம் எல்லாரையும் தோட்டத்துல காத்தாட உட்கார வெப்பாங்கப்பா. நான் பாத்தேன்."

ஸ்கேல் சார் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீ அம்மாவோட இரு."

"யாராச்சும் வாயில வெச்சிருந்தா என்ன பாக்கணும்னு எனக்குத்தான் தெரியும். நானும் வர்றேன்."

"அப்ப அம்மா?"

டெய்லரம்மா வாசல்படியில் நின்று காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊருக்குப் போறோமா?" என்றாள் ஆசையாக.

ஒரு வாரமாக அந்த இல்லத்தின் பெயரைக்கூடக் காதில் வாங்க மறுத்தவர், தானே கையைப் பிடித்து மனைவியை வண்டியில் ஏற்றினார்.

மைத்துனர் ஓட்டினார். நிமிஷத்துக்கு ஒருமுறை தண்ணீர் பாட்டிலை எடுத்து வாயை நனைத்தார். மகள் முன்னால் உட்கார்ந்து மறுபடி மறுபடி போன் போட்டாள். பின்னால் கணவனும் மனைவியும். ஜன்னலில் கடைகளும் விளக்குக் கம்பங்களும் ஓடின. டெய்லரம்மா எல்லாவற்றையும் ரசித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பக்கத்தில் இருப்பவரின் நினைவு வந்தது.

"சார், நீங்க எங்க எறங்கணும்?"

"நீங்க எறங்கற எடத்துலதாம்மா."

"ஓ, அந்தப் பக்கந்தானா நீங்களும்," என்றாள். வழித்துணை கிடைத்த நிம்மதி அவள் குரலில் இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசல் கதவு பெரிதாகத் திறந்திருந்தது. மகள் சொன்னது பொய்யில்லை. தோட்டம் இருந்தது, வெளிச்சம் இருந்தது. புல்தரையில் நாற்காலிகள் போட்டு வயதானவர்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. வேலியோரம் தனியாக ஒரு பெஞ்சு. அதில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். அவர் மடியில் கறுப்புப் பெட்டி. மூடி அதன்மேல் இல்லை. அவர் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

வண்டி நிற்பதற்குள் மகள் கதவைத் திறந்து குதித்து ஓடினாள். பின்னாலேயே மைத்துனர்.

ஸ்கேல் சாரும் இறங்கத்தான் போனார். ஒரு கால் தரையில் இருந்தது. அவர் சட்டைக் கையை யாரோ இறுகப் பிடித்திழுத்தார்கள்.

டெய்லரம்மா அந்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் இருந்த சிரிப்பு அவள் முகத்தில் இல்லை.

"சார்," என்றாள், வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "என்னை இங்க விட்டுட்டுப் போயிடாதீங்க."

தோட்டத்திலிருந்து மகளின் குரல் வந்தது. "அப்பா, சீக்கிரம் வாங்க."